தங்கம் மிஞ்சியது, சத்தம் போய்விட்டது: ஊர் நகரத்து யாழும் எங்க தாத்தாவோட பம்பையும்

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோட ஒரு எவர்சில்வர் குடத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க அம்மாவோட ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். அங்க எங்க ஆயா வீட்டு அடுப்படில ஒரு பெரிய எவர்சில்வர் குடம் இருக்கு. இன்னைக்கும் இருக்கு. அது எப்படி அங்க வந்துச்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும், ஏன்னா அதுக்கு மாத்தா ஒரு பொருளைத் தூக்கிட்டுப் போய்க் கொடுத்தது நான்தான். அப்போ எனக்கு 11 வயசு.

எங்க தாத்தா பம்பை அடிக்கிறவர். சென்னைல வளர்ந்தவங்களுக்காக ஒரு வார்த்தை: பம்பைங்கறது இடுப்போட சேர்த்துக் கட்டிக்கிற ரெட்டை மேளம். ரெண்டு உருளை, ஒண்ணு மேல ஒண்ணா வச்சுக் கட்டியிருக்கும். ஒண்ணு மரம், இன்னொண்ணு பித்தளை. தருமபுரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கம் மாரியம்மன் பண்டிகைன்னா பம்பை இல்லாம நடக்காது. கரகம் எடுக்க, சாமி அழைக்க, ராத்திரி முழுக்கக் கதை பாட, எல்லாத்துக்கும் பம்பைதான்.

தாத்தா இறந்து ரெண்டு வருஷம் அந்தப் பம்பை பரண்ல கிடந்துச்சு. ஒரு நாள் பழைய பித்தளை எடுக்கிற வண்டி வந்தது. ஆயா என்னைப் பரண்ல ஏறி எடுக்கச் சொன்னாங்க. ஏறிப் பார்த்தா, மர உருளையைக் கரையான் தின்னுடுச்சு. தொட்டா மாவா உதிருது. தோலை எலி கடிச்சுப் போட்டிருக்கு. பித்தளை உருளை மட்டும் அப்படியே இருந்துச்சு. வாய் விளிம்பைச் சுத்தித் தாமரை இதழ் மாதிரி வேலைப்பாடு. துடைச்சா மின்னுது. அதை வண்டிக்காரர் எடை போட்டார். குடத்தைக் கொடுத்தார். முடிஞ்சது.

இதுல யார் மேலயும் தப்பு சொல்ல வரல. ஆயாவுக்குத் தண்ணி பிடிக்கக் குடம் வேணும். எனக்கு அன்னைக்குப் பரண் ஏறினதே பெரிய சாகசம். ஆனா போன வருஷம் ஊர்ங்கற நகரத்துல கிடைச்ச யாழ்களைப் பத்திப் படிக்கும்போது, ஒரு இடத்துல எனக்கு அந்தப் பரண் ஞாபகம் வந்துடுச்சு. அது எந்த இடம்னு சொல்லத்தான் இந்த எபிசோட்.

முதல்ல அந்த நகரம். அதோட பேரே ஊர்தான். நம்ம ஊர் இல்ல, தெற்கு இராக்ல நாசிரியா பக்கத்துல இருக்கற பழைய சுமேரிய நகரம். 1922-லிருந்து 1934 வரைக்கும் லியோனார்ட் வூல்லிங்கறவர் தலைமையில அங்க அகழாய்வு நடந்துச்சு. பிரிட்டிஷ் மியூசியமும் அமெரிக்காவோட பென்சில்வேனியா பல்கலைக்கழக மியூசியமும் சேர்ந்து நடத்தினது. அங்க இருந்த இடுகாட்டுல ஏறத்தாழ 1,800 குழிகளைத் தோண்டினாங்க. அதுல 16 குழிகளை மட்டும் அரச கல்லறைகள்னு வூல்லி தனியாப் பிரிச்சார். வயசு சுமார் 4,500 வருஷம்.

அதுல ஒண்ணு புஆபிங்கற ஒரு பெண்ணோட கல்லறை. அவங்க பேர் நமக்குத் தெரியக் காரணம், கூடவே கிடைச்ச ஒரு சின்ன உருளை முத்திரை. அந்தக் கல்லறைல ஒரு யாழ் இருந்துச்சு. முன்பக்கத்துல தங்கத்துல ஒரு காளைத் தலை. அதுக்கு நீலக் கல்லுல தாடி. அந்தக் கல் ஆப்கானிஸ்தான்ல பதக்‌ஷான் மலையில இருந்து வந்தது. அதே இடுகாட்டுல கிடைச்ச சிவப்புக் கார்னீலியன் மணிகள்ல சிலது நம்ம சிந்துவெளியில செஞ்சது. ஒரு வாத்தியத்துக்கும் அதைச் சுத்தியிருந்த நகைக்கும் எத்தனை நாட்டுக்காரங்க உழைச்சிருக்காங்க பாருங்க.

இங்க ஒரு சின்னக் குறிப்பு. இந்த வாத்தியத்துக்கு ரெண்டு கை, மேல ஒரு குறுக்குச் சட்டம், சட்டத்துல இருந்து கீழே பெட்டி வரைக்கும் தந்தி. நம்ம சங்ககால யாழ் வில் மாதிரி வளைஞ்சது. ரெண்டும் ஒண்ணு இல்ல. தமிழ்ல ரெண்டையும் யாழ்னே சொல்றோம், நானும் அப்படியே சொல்றேன்.

இப்போ நான் சொன்ன அந்த இடம். வூல்லி தோண்டும்போது யாழ் முழுசா கிடைக்கல. மரம் மொத்தமா மக்கிப் போயிருந்தது. ஆனா மரம் இருந்த இடத்தைச் சுத்தி மண்ணு கெட்டியா இறுகியிருந்ததால, மரம் போன பிறகும் அந்த இடம் வெத்து ஓட்டையா அப்படியே இருந்துச்சு. மண்ணுல சந்தேகப்படற மாதிரி ஓட்டை தெரிஞ்சா அதைத் தொடாம, உள்ள பாரிஸ் சாந்தைக் கரைச்சு ஊத்தினாங்க. சாந்து இறுகின பிறகு சுத்தி இருக்கற மண்ணை எடுத்தா, 4,500 வருஷத்துக்கு முந்தின யாழோட வடிவம் வெள்ளையா வெளியே வருது. அதாவது அவங்க தோண்டி எடுத்தது ஒரு பொருளை இல்ல. பொருள் இல்லாமப் போன இடத்தை.

இதைப் படிச்சப்போதான் அந்தக் கரையான் தின்ன மரம் கண்ணு முன்னாடி வந்துச்சு. அங்க தங்கம் மிஞ்சுச்சு, இங்க பித்தளை மிஞ்சுச்சு. ஆனா ரெண்டு இடத்துலயும் சத்தம் பிறந்தது மரத்துலயும் தோல்லயும் நரம்புலயும்தான். தங்கக் காளை வாசிக்கறதுக்கு இல்ல, பார்க்கறதுக்கு.

நம்ம மரபுல வாத்தியங்களை நாலா பிரிப்பாங்க. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி. கஞ்சம்னா வெண்கலம். தாளம், மணி மாதிரி உலோகக் கருவிகள். இந்த நாலையும் மண்ணுல புதைச்சா, கடைசி ஒண்ணுதான் நிச்சயமாத் திரும்பி வரும்.

அதுக்கு நல்ல உதாரணம் சீனாவுல இருக்கு. ஹூபெய் மாகாணத்துல, கி.மு. 433 வாக்கில் புதைக்கப்பட்ட யீங்கற சிற்றரசரோட கல்லறையை 1978-ல தோண்டினாங்க. 65 வெண்கல மணிகள் கிடைச்சது. ஒவ்வொரு மணியும் தட்டற இடத்தைப் பொறுத்து ரெண்டு சுரம் கொடுக்கும். எந்த இடத்துல எந்தச் சுரம்னு மணி மேலேயே எழுதியிருக்கு. அதை இன்னைக்கும் அடிச்சுக் கேட்கலாம். வெண்கலம், அதோட எழுத்து. ரெண்டும் சேர்ந்ததால சத்தமும் திரும்பி வந்தது.

சரி, நம்ம பக்கம் வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மலைக்கரடு எல்லாம் பழைய ஈமச்சின்னங்கள் நிறைஞ்ச பூமி. 2004 வரைக்கும் ரெண்டும் ஒரே மாவட்டம். மயிலாடும்பாறைல இரும்பு கிடைச்ச மண்ணடுக்கோட காலம் கி.மு. 2172 வரைக்கும் போகுதுன்னு 2022-ல அறிவிச்சாங்க. எங்க பென்னாகரம் தாலுகாவுலயே பெரும்பாலைங்கற ஊர்ல தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு பண்ணியிருக்கு.

எங்க ஊருக்கு மேற்கால கரட்டுலயும் கல்வட்டம் உண்டு. நாங்க அதைப் பாண்டவர் குழின்னு சொல்வோம். ஆடு மேய்க்கப் போற பசங்க அதுமேலதான் உட்காருவாங்க. நான் சின்னப் பையனா இருக்கும்போது யாரோ ராத்திரில வந்து ஒரு குழியைப் புதையலுக்காகத் தோண்டிட்டுப் போயிட்டாங்க. காலைல போய்ப் பார்த்தா ஒடைஞ்ச கறுப்பு சிவப்புப் பானை, துருப்பிடிச்ச ஒரு இரும்புத் துண்டு. தங்கம் இல்லைன்னு அப்படியே போட்டுட்டுப் போயிருக்காங்க. தங்கம் தேடறவனுக்கு மத்தது எல்லாம் மண்ணு.

இப்படிப்பட்ட குழிகள்ல பானை கிடைக்குது, இரும்பு வாள் கிடைக்குது, மணி கிடைக்குது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளைல ஒரு தாழிக்குள்ள நெல் உமியே கிடைச்சு, அதோட காலம் கி.மு. 1155-னு 2021-ல அறிவிச்சாங்க. ஆனா பழந்தமிழர் வாசிச்ச யாழ் ஒண்ணுகூட இன்னைக்கு நம்ம கையில இல்ல. இத்தனைக்கும் பாணர்கள் யாழோட ஊர் ஊராப் போன நாடு இது. பத்துப்பாட்டுல ரெண்டு பாட்டோட பேரே சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை. சின்ன யாழ் வச்சிருக்கற பாணன், பெரிய யாழ் வச்சிருக்கற பாணன்.

தருமபுரிக்கு அப்போ பேர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியோட ஊர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அவன் இறந்தப்போ ஔவை பாடின பாட்டு புறநானூறுல இருக்கு. அந்தப் பாட்டு ராஜா போயிட்டான்னு மட்டும் அழல. அவனை நம்பியிருந்த பாணர்களுக்கு இனி யாருன்னும் சேர்த்து அழுது.

இங்க ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிடணும். ஊர் நகரத்துல வாத்தியத்தை மட்டும் புதைக்கல. மரணப் பெருங்குழின்னு வூல்லி பேர் வச்ச ஒரே குழில 74 பேர். அதுல 68 பேர் பெண்கள். அவங்க பக்கத்துலயே யாழ்கள். எல்லாரும் விஷம் குடிச்சு அமைதியா இறந்திருப்பாங்கன்னு வூல்லி நினைச்சார். ஆனா அரச கல்லறைகள்ல கிடைச்ச ரெண்டு மண்டையோடுகளைப் பென்சில்வேனியாவுல சி.டி. ஸ்கேன் பண்ணி 2011-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுல தலையில அடிபட்ட காயம் தெரியுது. அழகான பொருளைப் பார்க்கும்போது இதையும் நினைக்கணும். யாழைக் காப்பாத்தின அதே குழிதான் அதை வாசிச்சவங்களை விழுங்குச்சு.

அப்போ அந்தச் சத்தம் மொத்தமாப் போயிடுச்சா? முழுசா இல்ல. மூணு வழியில கொஞ்சம் திரும்பி வந்திருக்கு.

ஒண்ணு, படம். அரச கல்லறை ஒண்ணுல கிடைச்ச பெரிய யாழ், இப்போ பென்சில்வேனியாவுல இருக்கு. அதோட முகப்புல சிப்பில செஞ்ச ஒரு காட்சி. கழுதை ஒண்ணு காளைத்தலை யாழை வாசிக்குது, ஒரு கரடி யாழைப் பிடிச்சுக்குது. வேடிக்கையா இருக்கும். ஆனா வாத்தியத்தை எப்படி நிறுத்தி, எப்படி வாசிச்சாங்கங்கறதுக்கு அந்தக் கழுதைதான் சாட்சி.

ரெண்டு, எழுத்து. பல நூற்றாண்டு பிந்தைய ஒரு களிமண் பலகை அதே ஊர் நகரத்துல கிடைச்சது. எந்தத் தந்தியை முறுக்கணும், எதைத் தளர்த்தணும்னு சுருதி சேர்க்கற முறை அதுல இருக்கு.

மூணு, திரும்பச் செய்யறது. அங்க தப்பும் நடந்திருக்கு. புஆபியோட யாழை முதல்ல ஒட்டும்போது பக்கத்துல கிடந்த இன்னொரு நரம்பு வாத்தியத்தோட துண்டுகளையும் சேர்த்து, ரெண்டையும் ஒரே வாத்தியமா ஆக்கிட்டாங்க. 1970-கள்லதான் பிரிட்டிஷ் மியூசியம் அதைப் பிரிச்சுச் சரி பண்ணுச்சு.

இன்னொரு தங்க யாழ் பாக்தாத் மியூசியத்துல இருந்தது. 2003 ஏப்ரல்ல, போர் நடுவுல, மியூசியம் சூறையாடப்பட்டப்போ அதை ஒடைச்சுப் போட்டுட்டாங்க. காளையோட அசல் தங்கத் தலை மட்டும் முன்னாடியே மத்திய வங்கிப் பெட்டகத்துல இருந்ததால பிழைச்சது. கவனிச்சீங்களா? ரெண்டாவது தடவையும் தங்கம் பிழைச்சது, மரம் போச்சு. அதுக்கு அப்புறம் பிரிட்டனைச் சேர்ந்த ஹார்ப் கலைஞர் ஆண்டி லோவிங்ஸ், பல பேரைச் சேர்த்துக்கிட்டு, அந்த யாழைப் புதுசா, வாசிக்கற மாதிரியே செஞ்சார்.

நம்ம யாழுக்கும் இப்படி ஒருத்தர் இருந்தார். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவுல பிறந்த சுவாமி விபுலானந்தர். தோண்டி எடுக்க யாழே இல்ல, வெறும் சொல்தான் இருந்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதைல இருந்த வரிகளையும் உரைகளையும் வச்சு, கணக்குப் போட்டு, வருஷக்கணக்கா உழைச்சு யாழ் நூலை எழுதினார். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7-னு மரபு சொல்ற கணக்குல இருந்து சுரம் எப்படி வந்திருக்கும்னு தேடினார். 1947-ல நூல் அரங்கேறிச்சு. அடுத்த மாசமே அவர் மறைஞ்சுட்டார். எனக்கு அந்தப் புத்தகமும் வூல்லியோட சாந்தும் ஒரே வேலையைச் செஞ்ச மாதிரிதான் தெரியுது. இன்னைக்குச் சென்னைல தருண் சேகர் மாதிரி இளைஞர்கள் யாழைத் திரும்பச் செஞ்சு வாசிக்கறாங்கன்னா, அவங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வெத்து இடத்தை அளந்து வச்சிருக்கார்.

இதெல்லாம் படிச்சு முடிச்சதும் எனக்கு ஒரு கேள்வி உறுத்துச்சு. தாத்தாவோட பம்பைக்கு என்கிட்ட என்ன இருக்கு? ஒரு போட்டோ இல்ல, ஒரு கேசட் இல்ல. அவர் அடிச்ச அடி ஒண்ணுகூட எனக்கு வாயால சொல்லத் தெரியாது.

போன ஆடில ஊருக்குப் போனேன். தாத்தாவோட கூடவே முப்பது வருஷம் உடுக்கை அடிச்சவர் ஒருத்தர் இருக்கார். அவரையும் தாத்தான்னுதான் கூப்பிடுவேன். எண்பது தாண்டிடுச்சு. வேப்பமரத்தடில கயித்துக் கட்டில்ல உட்கார்ந்திருந்தார். நான் தயங்கித் தயங்கிப் பித்தளையை வித்த கதையைச் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். சிரிச்சுட்டார்.

"அதுக்கா இத்தனை வருசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? தோலை வருசா வருசம் ஆடிக்கு முன்னாடி மாத்துவோம் சாமி. மரத்தையே உங்க தாத்தன் ரெண்டு தபா மாத்திட்டான். அந்தப் பித்தளையும் வேற ஒருத்தர் வச்சிருந்ததுதான், அவரு செத்ததும் இவன் வாங்கினான்" அப்படின்னார்.

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. நான் புனிதமா நினைச்சுக்கிட்டிருந்த பம்பை, பாகம் பாகமா மாறிக்கிட்டேதான் இருந்திருக்கு. மாறாம இருந்தது அடி மட்டும். அதைத்தான் நாங்க யாரும் வாங்கிக்கல. எங்க மாமா சென்ட்ரிங் வேலைக்குப் போயிட்டார், அம்மா கல்யாணமாகி வந்துட்டாங்க, நான் லேப்டாப் தூக்கிட்டேன். இடுப்புல மேளம் கட்டறதை மதிப்பாப் பார்க்காத ஊர்ல, பசங்க வேற வேலைக்குப் போகட்டும்னு தாத்தாவேதான் நினைச்சார். அதையும் நான் தப்புன்னு சொல்லிட முடியாது.

"அந்த அடியெல்லாம் ஞாபகம் இருக்கா தாத்தா?"ன்னு கேட்டேன். அவர் பதில் சொல்லல. கட்டில் சட்டத்துல விரலால தட்ட ஆரம்பிச்சார். கரகம் கிளம்பறப்போ ஒண்ணு. சாமி வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு, வந்த பிறகு வேற ஒண்ணு. உடுக்கை எங்க நிக்கும், பம்பை எங்க எடுக்கும்னு வாயாலயே சொல்லிக் காட்டினார். நடு நடுவுல மறந்துடுவார். "இந்த எடத்துல உங்க தாத்தன் ஒண்ணு போடுவான், அது எனக்கு வராது" அப்படின்னு சொல்லிட்டு, அந்த இடத்துல மட்டும் கையை எடுத்துட்டுச் சும்மா இருந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி தொடர்ந்தார்.

போன்ல நாப்பது நிமிஷம் ரெக்கார்ட் பண்ணியிருக்கேன். நாய் குரைக்குது, மோட்டார் சத்தம் வருது, ஆயா நடுவுல டீ குடிக்கக் கூப்பிடறாங்க. எல்லாம் இருக்கட்டும். தாத்தா அடிக்க வேண்டிய அந்த இடமும் அதுல இருக்கு, வெத்தா. அதை யாராவது ஒரு பம்பைக்காரர் கேட்டு, இங்க இதுதான் வந்திருக்கும்னு ஒரு நாள் சொல்லலாம். சேலம் பக்கம் ஒருத்தர்கிட்ட அனுப்பியிருக்கேன்.

உங்க வீட்டுலயோ தெருவுலயோ மேளமோ நாயனமோ உடுக்கையோ வாசிச்ச ஒரு பெரியவர் இருந்தா, இந்த லீவுக்குப் போய் உட்காருங்க. வாத்தியத்தைப் போட்டோ எடுக்கறது நல்லது, ஆனா அதோட நிறுத்தாதீங்க. ஒவ்வொரு அடிக்கும் என்ன பேர், எந்த நேரத்துல அடிக்கறது, யார்கிட்ட கத்துக்கிட்டாங்கன்னு கேளுங்க. ஆரம்பத்துலயே தேதி, ஊர், அவங்க பேர் மூணையும் வாயால சொல்லிட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. எந்தக் குழில எது எங்க கிடந்துச்சுன்னு வூல்லி விடாம எழுதி வச்சதாலதான், பின்னாடி வந்தவங்களால அவரோட தப்பையே திருத்த முடிஞ்சது.

அந்தக் குடத்துல ஆயா இன்னும் தண்ணி பிடிக்கறாங்க. போன தடவை நானும் அதுலதான் மொண்டு குடிச்சேன்.